நரம்புச் சிலந்தியை விரட்டிய கதை

(தொடர்கல்வி மையத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் அறிவொளித் தொண்டர் ஒருவர் பேசிய பேச்சு)

 

போன வாரம் நம் மையத்தில் ‘தண்ணீர்’ பாடம் படித்தோம். நினைவிருக்கிறதா? பாடம் முடிந்ததும் நம் பாட்டி ஒருவர் சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் கணுக்காலைக் காட்டினார். அங்கே காசு அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது.

“இது என்ன தெரியுமா கண்ணு?” என்று என்னைக் கேட்டார்.

“தீக்காயமா பாட்டி?” என்றேன்.

“இல்லை. நரம்புச் சிலந்தி. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ வந்தது. மூணு மாசம் காலை ஊன்ற முடியலை. எங்க ஊர்ல அப்போ பாதிப் பேருக்கு இருந்தது. இப்போ யாருக்கும் இல்லை. அதை விரட்டினது யாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “அடுத்த வாரம் சொல்கிறேன் பாட்டி” என்றேன். சுகாதார நிலையத்தில் கேட்டேன். நூலகத்தில் படித்தேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

அது என்ன நோய்?

நரம்புச் சிலந்தி என்பது நரம்பும் அல்ல, சிலந்தியும் அல்ல. அது ஒரு புழு. நூல் போல மெல்லியதாக இருக்கும். ஒரு மீட்டர் நீளம் வரை வளரும். வட இந்தியாவில் இதை ‘நாரு’ என்பார்கள்.

இந்தப் புழு உடம்புக்குள் எப்படி வருகிறது? குடிக்கிற தண்ணீர் வழியாக வருகிறது.

குளத்துத் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் மிகச் சிறிய பூச்சிகள் இருக்கும். வெறும் கண்ணுக்குப் புள்ளி போலத்தான் தெரியும். நரம்புச் சிலந்தியின் குஞ்சுகளை இந்தப் பூச்சிகள் தின்னும். அந்தத் தண்ணீரை நாம் வடிகட்டாமல் குடித்தால் பூச்சியும் உள்ளே போகும். வயிற்றில் பூச்சி செத்துவிடும். குஞ்சு வெளியே வந்து, உடம்புக்குள் வளரும்.

சுமார் ஒரு வருடம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு காலில் ஒரு கொப்புளம் வரும். நெருப்பு வைத்தது போல எரியும். எரிச்சல் தாங்காமல் மனிதர் என்ன செய்வார்? காலைத் தண்ணீரில் வைப்பார். அப்போது கொப்புளம் உடையும். புழு தலையை நீட்டி, ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அந்தத் தண்ணீரை ஊரே குடிக்கும். அடுத்த வருடம் ஊருக்கே நோய் வரும்.

இதுதான் அந்தப் புழுவின் சக்கரம். தண்ணீரிலிருந்து மனிதருக்கு. மனிதரிடமிருந்து தண்ணீருக்கு.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. தடுப்பூசியும் கிடையாது. வெளியே வரும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார்கள். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். புண் சீழ் பிடிக்கும். முழுதாக எடுக்க வாரக்கணக்கில் ஆகும்.

இந்த நோயால் சாகிறவர் குறைவு. ஆனால் உழைப்பு போய்விடும். விதைக்கிற நேரத்தில் வீட்டுக்காரர் படுத்துவிட்டால், அந்த வருடம் அந்த வீட்டில் சோறு ஏது? ஆப்பிரிக்காவில் மாலி என்ற நாட்டில் இதற்கு ‘களஞ்சியம் காலியாகும் நோய்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பொருத்தமான பெயர்தானே?

மருந்து இல்லை, வழி உண்டு

மருந்து இல்லாவிட்டாலும் இந்த நோயை ஒழிக்க முடியும். சக்கரத்தை ஓர் இடத்தில் அறுத்தால் போதும். குடிதண்ணீரில் யாரும் கால் வைக்கக் கூடாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். இவ்வளவுதான். சொல்வதற்கு எளிது. செய்வதற்கு?

நம் நாட்டில் 1983-84-இல் நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய 7 மாநிலங்களில் வீடு வீடாகப் போய்த் தேடினார்கள். 1984-இல் மட்டும் சுமார் 40,000 நோயாளிகள் இருந்தார்கள். நம் தமிழ்நாட்டில் அந்த நேரத்திலேயே நோய் ஒழிந்துவிட்டது. ராஜஸ்தானத்தில்தான் அது விடாப்பிடியாக நின்றது.

மலைக் கிராமங்களின் படிக்கிணறு

ராஜஸ்தானின் தெற்கே உதய்ப்பூர், துங்கர்பூர், பான்ஸ்வாடா என்று மூன்று மாவட்டங்கள் உள்ளன. அங்கே பீல், மீணா, கராசியா என்ற ஆதிவாசி மக்கள் வாழ்கிறார்கள். குன்றுக்கு ஒரு குடிசை, மேட்டுக்கு ஒரு குடிசை என்று தள்ளித் தள்ளி வீடுகள். மழை குறைவு. கோடையில் தண்ணீருக்குப் பெண்கள் வெகுதூரம் நடப்பார்கள்.

அங்கே தண்ணீர் எடுக்கும் இடம் படிக்கிணறு. கிணற்றுக்குள் படி இருக்கும். இறங்கிப் போய், தண்ணீரில் நின்று குடத்தை முக்கி எடுக்க வேண்டும். காலில் கொப்புளம் உள்ளவரும் அதே தண்ணீரில்தான் இறங்குவார். புழுவுக்கு இதைவிட வசதியான வீடு வேண்டுமா?

இதை மாற்ற 1986-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயர் ‘ஸ்வச்’. ஸ்வச் என்றால் இந்தியில் தூய்மை என்று பொருள். இதில் மூன்று பேர் கை கோத்தார்கள்.

முதலாவது, நம் அரசு. மத்திய அரசும் ராஜஸ்தான் மாநில அரசும்.

இரண்டாவது, யூனிசெஃப். இது ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தைகள் நல அமைப்பு. 1946-இல் தொடங்கியது. உலகப் போரில் எல்லாம் இழந்து நின்ற ஐரோப்பாவின் குழந்தைகளுக்குப் பாலும் துணியும் கொடுக்கத்தான் முதலில் இதைத் தொடங்கினார்கள்.

மூன்றாவது, ஸ்வீடன் நாட்டு அரசின் உதவி அமைப்பான சிடா. ஸ்வீடன் ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிறது. குளிரில் ஏரி உறைந்து போகும் நாடு. அந்த நாட்டு மக்கள் கட்டும் வரிப்பணத்திலிருந்து ஒரு பங்கு இந்த மலைக் கிராமங்களுக்கு வந்தது.

நான்காவதாக ஒரு கை உண்டு. அந்தக் கையைக் கடைசியில் சொல்லக் கூடாது. இப்போதே சொல்கிறேன். அது அந்தக் கிராமத்துப் பெண்களின் கை.

படிக்கிணறுகளின் படியை அடைத்தார்கள். சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். இனிக் கயிறு போட்டு மேலே நின்று இறைக்கலாம். கால் படாது. சில தண்ணீர் நிலைகளில் அந்தச் சிறு பூச்சியைக் கொல்லும் மருந்து ஊற்றினார்கள். புதிதாக அடிபம்பு போட்டார்கள்.

ஆனால் வெளியூர் ஆள் ஜீப்பில் வந்து இறங்கி, “உங்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டது” என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பாட்டன், முப்பாட்டன் குடித்த தண்ணீர் அது. சாமி கோபத்தால் நோய் வந்தது என்று நம்பிய ஊர்களும் உண்டு. அதனால் அந்தந்த ஊர்ப் பெண்களையே ஊழியர்களாகச் சேர்த்தார்கள். அவர்கள் தங்கள் பேச்சிலேயே பேசினார்கள். வீடு வீடாகப் போய்த் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் காது கேட்கும் அல்லவா?

பம்பு நின்றால் யார் பார்ப்பது?

இப்போது அடிபம்புக்கு வருகிறேன். நம் தெருவிலும் ஒன்று நிற்கிறது. அதன் கதையும் பெரிய கதைதான்.

1966-67-இல் பீகாரில் கடுமையான வறட்சி வந்தது. அப்போது பாறையைத் துளைக்கும் எந்திரங்களை யூனிசெஃப் விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. அதன் பிறகு நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டி அடிபம்பு வைத்தார்கள். 1970-களின் நடுவில் ஒரு கணக்கு எடுத்தார்கள். பார்த்தால், நான்கில் மூன்று பம்பு ஓடவில்லை!

காரணம் என்ன? அவை வார்ப்பிரும்புப் பம்புகள். வெளிநாட்டில் ஒரு குடும்பம் வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளச் செய்த மாதிரி. நம் ஊரில் விடியற்காலை முதல் இருட்டும் வரை ஊரே அடிக்கிறது. அது எப்படித் தாங்கும்?

மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் உள்ளூர்ப் பட்டறைகளில் எஃகில் செய்த பம்பு மட்டும் உழைத்தது. அதை மாதிரியாக வைத்துப் புதிய பம்பு செய்தார்கள். யூனிசெஃப், நம் அரசின் ஆராய்ச்சி நிலையம், சென்னையில் இருந்த அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் மூன்றும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. கோயம்புத்தூர் வட்டாரக் கிராமங்களில் வைத்துச் சோதித்தார்கள். அதுதான் ‘இந்தியா மார்க் 2’ பம்பு. 1970-களின் கடைசியில் தயாரிப்பு தொடங்கியது. இதற்குத் தனி உரிமை என்று யாரும் பூட்டுப் போடவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். இன்று ஆப்பிரிக்காவிலும் இந்தப் பம்பில் தண்ணீர் அடிக்கிறார்கள்.

பாருங்கள். பணம் வெளியே இருந்து வந்தது. மூளை நம் ஊர்ப் பட்டறையிலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் பம்பு நின்று உழைத்தது.

ஆனாலும் எந்திரம் எந்திரம்தான். வாஷர் தேயும். செயின் அறும். பழுது பார்க்க மாவட்டத் தலைநகரிலிருந்து ஆள் வர வேண்டும். வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஊர் மக்கள் என்ன செய்வார்கள்? பழைய கிணற்றுக்கே திரும்பிப் போவார்கள். புழுவும் திரும்பி வரும்.

அதனால் ஸ்வச் திட்டத்தில் ஆதிவாசிப் பெண்களுக்குப் பம்பு பழுதுபார்க்கும் பயிற்சி கொடுத்தார்கள். “பொம்பளைங்க ஸ்பேனர் பிடிப்பாங்களா?” என்று ஆண்கள் சிரித்தார்கள். மார்க் 2 பம்பில் வாஷர் மாற்ற வேண்டுமானால் பூமிக்குள் இருக்கும் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். ஒரு குழாய் 3 மீட்டர் நீளம். இரும்புக் குழாய். அப்படிப் பல குழாய்கள். நல்ல பாரம். பெண்கள் கூட்டாகச் சேர்ந்து தூக்கினார்கள். பம்பு ஓடியது. சிரிப்பு நின்றது.

பம்பு நின்றால் குடத்தோடு நடக்கப் போவது யார்? பெண்கள்தான். அதனால் பம்பின் மேல் அக்கறையும் அவர்களுக்குத்தான் அதிகம். பின்னாளில் குழாயைத் தூக்காமலே வாஷர் மாற்றும்படி ‘மார்க் 3’ பம்பும் வந்தது. அதையும் 1980-களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில்தான் சோதித்தார்கள்.

கடைசி நோயாளி

நோய் குறைந்துகொண்டே வந்தது. ஆயிரங்கள் நூறாயின. நூறு பத்தாயிற்று. 1996 ஜூலை மாதத்தில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் ஒருவருக்கு நோய் இருந்தது. இந்தியாவின் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி அவர்தான்.

அதோடு விட்டுவிடவில்லை. நோயாளி இருந்தால் தகவல் சொல்லுங்கள், பரிசு தருகிறோம் என்று அறிவித்தார்கள். மூன்று வருடத்துக்கு மேல் ஊர் ஊராகத் தேடினார்கள். யாரும் கிடைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு ‘நரம்புச் சிலந்தி இல்லாத நாடு’ என்று சான்று கொடுத்தது.

1986-இல் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. 2024-இல் 15 பேருக்கு மட்டுமே வந்தது. அவர்கள் எல்லோரும் ஆப்பிரிக்காவில் இருந்தவர்கள். மருந்தே இல்லாத நோயை மக்கள் சேர்ந்து இந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பாட்டி, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். விரட்டியது ஒரு ஆள் இல்லை.

ஸ்பேனருக்குப் பிறகு பென்சில்

இன்னொரு ஊர்க் கதையும் சொல்ல வேண்டும். அது நமக்கு இன்னும் நெருக்கமான கதை.

உத்தரப்பிரதேசத்தில் பாந்தா என்ற மாவட்டம். வறண்ட பூமி. 1989-இல் தொடங்கிய ‘மகிளா சமாக்யா’ என்ற பெண்கள் கல்வித் திட்டம் அங்கே வந்தது. திட்டம் நம் அரசுடையது. பண உதவி நெதர்லாந்து அரசுடையது. ஊழியர்கள் போய்ப் பெண்களிடம் பேசினார்கள். பெண்கள் சொன்னார்கள்: “முதலில் தண்ணீர். பம்பு எல்லாம் கெட்டுக் கிடக்கிறது.”

சரி என்று தலித் பெண்களுக்கும் கோல் ஆதிவாசிப் பெண்களுக்கும் பம்பு வேலை கற்றுக் கொடுத்தார்கள். ஊர்க் கிணற்றைத் தொடக் கூடாது என்று தள்ளி நிறுத்தப்பட்ட பெண்கள் அவர்கள். இப்போது பம்பு கெட்டால் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும்! முதலில் முணுமுணுப்பு இருந்தது. எதிர்ப்பும் இருந்தது. ஆனால் தாகம் பெரிதல்லவா? கூப்பிட்டார்கள்.

வேலை செய்தபோது புதிய சிக்கல் வந்தது. எந்தப் பம்பு, என்ன பழுது, எத்தனை குழாய், என்ன சாமான் மாற்றினோம் என்று எழுதி வைக்க வேண்டும். அவர்களுக்கு எழுதத் தெரியாது. அப்போது அந்தப் பெண்களே கேட்டார்கள்: “எங்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுங்கள்.”

யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தேவை வந்தது, கேட்டார்கள். தண்ணீர், நிலம், காடு என்று தங்கள் வாழ்க்கைச் சொற்களை வைத்தே படித்தார்கள். பிறகு படித்ததை மறக்காமல் இருக்கத் தாங்களே ஒரு செய்தித்தாள் நடத்தினார்கள். அதன் பெயர் ‘மகிளா டாகியா’. பெண் தபால்காரர் என்று பொருள். அந்த வழியில் 2002-இல் சித்ரகூட்டில் ‘கபர் லஹரியா’ என்ற பத்திரிகை பிறந்தது. கிராமத்துப் பெண்களே செய்தி சேகரித்து, எழுதி, விற்ற பத்திரிகை அது. இப்போது அது செல்போனில் வருகிறது. அந்தப் பெண்களைப் பற்றி எடுத்த ஒரு படம் 2022-இல் ஆஸ்கர் பரிசுக்கான போட்டி வரை போனது.

ஒரு வாஷர் மாற்றக் கற்றதில் தொடங்கியது எங்கே போய் நின்றது, பாருங்கள்!

அவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

நேற்று இந்தப் பேச்சைப் பற்றிச் சொன்னபோது ஒரு அண்ணன் கேட்டார். “வெளிநாட்டுக்காரன் சும்மா கொடுப்பானா? அதில் அவனுக்கு என்ன லாபம்?”

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. பிறர் துன்பம் கண்டு கொடுப்பவர்கள் உண்டு. நோய்க்கு நாட்டின் எல்லை தெரியாது, எல்லோரும் சேர்ந்துதான் ஒழிக்க வேண்டும் என்று கொடுப்பதும் உண்டு. தங்கள் நாட்டுச் சாமான் விற்க வேண்டும், தங்கள் பேச்சு எடுபட வேண்டும் என்று கொடுப்பதும் உண்டு. எது எது என்று பார்த்து வாங்குவது நம் பொறுப்பு.

கொடுத்த கை நிற்கவும் செய்யும். 1998-இல் நம் அரசு பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அதைக் கண்டித்து ஸ்வீடன் அரசு நம் நாட்டோடு போட்டிருந்த உதவி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. டில்லியிலும் ஸ்டாக்ஹோமிலும் எடுத்த முடிவு அது. மலைக் கிராமத்துப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. ஆனால் அவள் கற்ற வேலையை யாரும் திரும்ப வாங்க முடியாது. தண்ணீரை வடிகட்ட வேண்டும் என்று தெரிந்த அறிவையும் திரும்ப வாங்க முடியாது.

குறையையும் சொல்ல வேண்டும். ஆழத்துத் தண்ணீரில் புழு இல்லை. ஆனால் ராஜஸ்தானத்தில் பல இடங்களில் அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். பல் கறுக்கும். எலும்பு வளையும். மேற்கு வங்கத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருப்பது 1980-களில் தெரிய வந்தது. ஒரு சிக்கலைத் தீர்க்கும்போது இன்னொன்று தலை நீட்டுகிறது. அதனால் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பதும் ஊரின் வேலையாக வேண்டும். எல்லாம் தெரிந்தவர்கள் வந்து செய்துவிட்டுப் போனார்கள் என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

நம் தெருப் பம்பு

கடைசியாக ஒன்று. நம் தெரு அடிபம்பு நின்று இன்றோடு 40 நாள் ஆகிறது. சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு தடவை வாயால் சொன்னோம். “ஆள் வருவார்” என்றார்கள். ஆள் வரவில்லை.

இரண்டு யோசனை சொல்கிறேன்.

ஒன்று, இதோ ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பம்பு எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் நின்றது, எத்தனை குடும்பம் அதை நம்பி இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. எல்லோரும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். ஒரு பிரதியை நம் மையத்தில் வைப்போம்.

இரண்டு, பம்பு சரிசெய்ய ஆள் வரும்போது வேடிக்கை பார்க்க வேண்டாம். நம்மில் இரண்டு அக்காமார்கள் பக்கத்தில் நின்று, எதைக் கழற்றுகிறார், எதை மாற்றுகிறார் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு அடுத்த முறை நமக்கு உதவும்.

பாட்டி, முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள். மெதுவாகப் போடலாம். நாங்கள் காத்திருக்கிறோம்.



பேசிப் பார்ப்போம்

1. நரம்புச் சிலந்தி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் பரவியது? சக்கரத்தை எங்கே அறுத்தார்கள்?

2. பழைய வார்ப்பிரும்புப் பம்புகள் ஏன் நின்றுபோயின?

3. பாந்தா பெண்கள் ஏன் எழுத்துக் கற்றுக்கொள்ள விரும்பினார்கள்? நீங்கள் ஏன் கற்றுக்கொள்ள வந்தீர்கள்?

4. உங்கள் ஊரில் வெளி உதவியால் வந்த பொருள் எது? இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது? அதைப் பார்த்துக்கொள்வது யார்?

5. உங்கள் தெருவில் உள்ள ஒரு குறையைப் பற்றி ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.